லாடத்துக்குள்ள ஆச்சரியக்குறி

வாங்க மாப்ள, உக்காருங்க. கட்டில்லயே உக்காருங்க, கறை ஒட்டிக்கும்னு பாக்காதீங்க. முப்பது வருசமா கிரீஸத் தின்னே வளந்த கட்டிலு அது. அம்மிணி இப்பத்தான் வந்து சொன்னா: "அப்பா, அவரு கார் சக்கரத்துக்குள்ள பேட்டரி மாத்தப் போறாராம், உங்க டயர் லீவரக் கேக்குறாரு"ன்னு. எனக்குப் பூரிச்சுப் போச்சுங்க. கலியாணம் ஆயி எட்டு வருசத்துல என்றகிட்ட நீங்க வாய் தொறந்து கேட்ட மொத சாமான் இதுதான்.

லீவரு தர்றேனுங்க. ஒண்ணுக்கு ரெண்டா தர்றேன். அதுக்கு முந்தி, நாமக்கல்லுல இருந்து நாக்பூருக்கு லாரி ஓட்டித் தேஞ்ச இந்தக் கெழவன் ரெண்டு சந்தேகம் கேட்டுக்கறேன். நீங்க இன்ஜினீயரு, தெரியாதது இருக்குமுங்களா.

டேஷ்போர்டுல மஞ்சளா எரியுதுங்களே, லாடத்துக்குள்ள ஆச்சரியக்குறி போட்டு வெச்ச மாதிரி, அது எடுத்ததுமே நெலையா எரியுதா? இல்ல, ஒரு நிமிசம் மினுக்கு மினுக்குன்னு மினுக்கிட்டு அப்புறம் நெலையா நிக்குதா? மினுக்குதுங்களா. அப்பப் பெரும்பாலும் டயரு மேல குத்தமில்ல. நெலையா எரிஞ்சா காத்துக் கொறவு. மினுக்கிட்டு நின்னா, காத்துக் கொறஞ்சுதுன்னு கோள் சொல்றவனுக்கே, சக்கரத்துக்குள்ள இருக்குற சென்சாருக்கே சீக்கு. வண்டி ஏழு வருசமாச்சுல்லங்க? அந்தப் பேட்டரிக்கு அஞ்சுல இருந்து பத்து வருசந்தான் ஆயுசு. அதுவே பெரிய ஆயுசு. வண்டி நின்னா அதுவும் தூங்கிப்போகும், சக்கரம் சுத்துனா முழிச்சுக்கிட்டு நிமிசத்துக்கு ஒருக்கா என்னமோ சேதி அனுப்பும், மறுபடி கம்முனு கெடக்கும். என்ற கிளீனர் பையன் ஒருத்தன் அச்சா இப்படித்தான் இருந்தான். அவனுக்கு நான் சோறும் போட்டேன்.

எங்க காலத்துல இந்தக் கோள்காரனே கெடையாதுங்க. டீக்கடையில நிறுத்துனா கிளீனரு ஒரு ராடு எடுத்துக்கிட்டு எறங்குவான். ஒவ்வொரு டயரா தட்டிக்கிட்டே போவான். 'டங்'குன்னா காத்து இருக்குது, 'பொத்'துன்னா போச்சு. பின்னாடி ஜோடி டயருல ஒண்ணு வத்திப் போனாக் கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத்தான் தெரியும். நான் ஸ்டீரிங்குல உக்காந்தபடியே எண்ணிக்குவேன். பத்து 'டங்' வந்தாத்தான் டீ. உங்க காரத் தட்டிப் பாக்காதீங்க, 'டங்'குன்னு சொல்றதுக்கு நூறு பவுண்டு காத்து வேணும். முப்பது பவுண்டு டயரு எதக் கேட்டாலும் 'பொத்'துன்னுதான் சொல்லும்.

அமெரிக்காவுல 2000ல ஃபயர்ஸ்டோன்காரன் 65 லட்சம் டயரத் திருப்பி வாங்கிக்கிட்டானுங்க. ஃபோர்டு எக்ஸ்புளோரர்ல டயரு நடுரோட்டுல தோல் உரிஞ்சு, வண்டி உருண்டு, எத்தனையோ பேரு செத்துப்போனாங்க. அதுக்கப்புறம்தான் அங்க சட்டம் போட்டு, 2007 செப்டம்பர்ல இருந்து புதுக் கார் அத்தனைக்கும் இந்த லைட்டு கட்டாயம்னு ஆக்குனாங்க. ஆனா அந்தச் சட்டத்தையும் கொஞ்சம் உரசிப் பாருங்க. இருக்கவேண்டிய காத்துல கால்வாசி போனாத்தான் லைட்டு எரிஞ்சே ஆகணுங்குறாங்க. 32 வெக்கவேண்டிய டயரு 24க்கு எறங்குற வரைக்கும் அது வாய் தொறக்காம இருந்தாலும் சட்டப்படி குத்தமில்ல. 26 பவுண்டோட நீங்க ஊரு சுத்தலாம், லைட்டு எரியாம கம்முனு இருக்கலாம். இந்த லைட்ட நம்பியா சாமி...சரி, விடுங்க. நீங்க பேட்டரி மாத்தோணும்னு வந்திருக்கறீங்க.

மாத்துங்க. மொதல்ல டயர ரிம்முல இருந்து பிரிக்கோணுங்க. அந்த சென்சாரு வால்வுக்கு அடியில, ரிம்மு மேல ஒட்டிக்கிட்டுப் படுத்திருக்கும், பல்லி மாதிரி. பலம் இருக்குதுன்னு வால்வு பக்கத்துல லீவரப் போட்டு ஒரு நெம்பு நெம்புனீங்கன்னா வேல சுளுவா முடிஞ்சுதுங்க: பேட்டரி மாத்தவே வேண்டாம், சென்சாரே ரெண்டாயிரும். பழைய பஞ்சர் கடக்காரன் டயர எறக்கையில வால்வத் தள்ளி எட்டத்துல ஆரம்பிக்கறான் பாருங்க, அவன் காலேஜுக்குப் போகல, அதனால அவனுக்குத் தெரியும். அலாய் ரிம்மு வேற. என்ற லீவரு லாரி இரும்பத் தின்னு பழகுனது, உங்க வெள்ளி ரிம்மு மேல அது கையெழுத்துப் போட்டா, அப்புறம் மாமனாரத் திட்டக் கூடாது.

சென்சாரு கைக்கு வந்தாச்சு. தொறங்க பாப்போம். ஸ்குரூ எங்கன்னு தேடறீங்களா? இல்லீங்க. கம்பெனிக்காரன் அதத் தொறக்கறதுக்குச் செய்யல, பொதைக்கறதுக்குச் செஞ்சான். உள்ள பேட்டரிய வெச்சு, மேல ஜெல்லியோ, கெட்டி ரெசினோ ஊத்தி மூடியிருப்பான். பிளாஸ்டிக்க அறுத்து, அந்தப் பூச்சைக் கிளறி எடுக்கோணும். ஒரு நூலு ஆழமாப் போனா போர்டு மேல இருக்குற கம்பி அந்து போகும். பேட்டரியில தகடு ரெண்டு வெல்டு அடிச்சு ஒட்டியிருக்கும். நெம்பிப் பிடுங்காதீங்க, தகட்டக் கத்திரிங்க.

புதுசுக்கு ரிமோட்டுல போடுற பொத்தான் பேட்டரி வாங்கி வெச்சிருக்கறீங்களாம், அம்மிணி சொன்னா. பேஷ். அதுக்குப் பெரும்பாலும் 60 டிகிரி வரைக்குந்தான் தாக்குப்பிடிக்கச் சக்தி. சித்திரையில சங்ககிரி ரோட்டுல கறுப்பு டயருக்குள்ள, பிரேக்குச் சூடு பக்கத்துல, அதக் கொண்டுபோயிப் பூட்டப் போறீங்க. நடுப்பகல்ல மாமியாரு ஊட்டு மொட்ட மாடியில உக்காரச் சொன்னா நீங்க எத்தன நேரம் உக்காருவீங்க? இதுக்குன்னே 125 டிகிரி தாங்குற ரகம் தனியா வருது, தகடு ஒட்டியே வருது. அந்தத் தகட்டுலதான் ஈயம் பத்த வெக்கோணும். பேட்டரி முதுகுல நேரா சால்டரிங் அயன வெச்சீங்கன்னா, உள்ள இருக்குற லித்தியம் 180 டிகிரியிலயே உருகிரும். உங்க அயனோட மூக்கு 350ல நிக்குது. மேல பாருங்க, அந்த ஆஸ்பெஸ்டாஸ் ஓட்டுல, ஃபேனுக்கு எடப்பக்கம் கருப்பா ஒரு பொட்டு தெரியுதுங்களா? போன ஆவணியில நான் வெச்சது. கண்ணாடி போட்டிருந்ததால கண்ணு தப்புச்சு. உங்கத்தை அன்னிக்கே அயனத் தூக்கிப் பரணுல போட்டுட்டா. நான் ஏணி கேட்டா அவ காது கேக்காத மாதிரி இருக்கறா.

கழட்டுன பழச, வாங்குன புதுச எல்லாம் மேசை மேல பரப்பி வெக்காதீங்க. பாப்பா மிட்டாயின்னு நெனச்சு வாயில போட்டுக்கும். தொண்டையில சிக்குனா ரெண்டு மணி நேரத்துலயே குழாயப் பொசுக்கிரும். இதுல மட்டும் நான் விளையாட்டுக்குச் சொல்லலீங்க.

அப்புறம் மூடறது. பாத்ரூமுக்கு அடிக்கிற சிலிக்கான் வெச்சிருக்கறீங்களா? மோந்து பாருங்க. காடி நாத்தம் அடிக்குதுல்ல, அது காயக் காயப் புளிப்பு வுட்டு, போர்டுல இருக்குற செம்ப அரிச்சுப்போடும். நாத்தமில்லாத ரகம் வேணும். பூசுற சந்தோசத்துல அந்தச் சின்ன ஓட்டையையும் சேத்துப் பூசிராதீங்க. காத்து உள்ள வந்து தன்னோட அழுத்தத்தச் சொல்ற காதே அதுதான். காத அடச்சுப்புட்டு "ஏன்டா கேக்க மாட்டேங்குற"ன்னு அதட்டுனா எப்புடி?

காயறதுக்கு ஒரு நாளு வுடுங்க. சும்மா ஒட்டிப் பூட்டுனா என்ன ஆகுமுங்கறீங்களா? கணக்கு நீங்களே போட்டுப் பாருங்க. 100 கிலோமீட்டர் வேகத்துல ரிம்மு மேல இருக்குற பண்டம் தன்னோட எடையப்போல நூத்தம்பது எரநூறு மடங்கு இழுக்கும். 30 கிராம் சென்சாரு அஞ்சு கிலோ அரிசிப் பையாட்டத் தொங்கும். உங்க கைப்பக்குவத்துல ஒட்டுன பேட்டரி, அதே மடங்குல கனத்து, "எனக்கு வழி வுடு"ன்னு மோதும். பெருந்துறை தாண்டறப்ப உள்ள கோலிக்குண்டு உருள்ற சத்தம் கேட்டா ரேடியோவ எச்சா வெச்சுக்குங்க.

நாயமாப் பேசோணும்னா உங்க பக்கமும் ஒரு நாயம் இருக்குதுங்க. பழைய சென்சாருக்கே உசுரு வந்தா அதோட நம்பரு மாறாது, வண்டி அத அடையாளம் கண்டுக்கும். புதுசு போட்டா நம்பரப் பதியறதுக்குக் கருவிக்காரன் பின்னால போகோணும். அது மிச்சம்தான். ஆனா நாலும் ஒரே நாளுல பொறந்த புள்ளைங்க. ஒண்ணு கண்ண மூடுனா மத்த மூணும் ஜாதகத்தக் கையில வெச்சுக்கிட்டுத்தான் சுத்துது. ஒவ்வொண்ணுக்கும் டயர எறக்கி ஏத்தி, புது வாஷர் போட்டு, பேலன்ஸ் பாக்கோணும். டயரு தேஞ்சு மாத்துற அன்னைக்கு, கடக்காரன் எப்படியும் பிரிக்கத்தான் போறான், நாலு புது சென்சாருங்கள மொத்தமாப் போட்டுக்கறது. அது வரைக்கும்? பக்கத்தூட்டுப் பையன் வால்வு மேல தொப்பியாட்டம் ஒரு சென்சாரு திருகி வெச்சிருக்கறானே, அது வீட்டு வேலைங்க. மூடியத் திருகித் தொறந்து, சின்னப் பேட்டரியத் தூக்கிட்டு வேற போட்டு, ரப்பர் வளையத்த ஒழுங்கா உக்கார வெச்சு, எச்சி தொட்டுக் குமிழி வருதான்னு பாத்தா முடிஞ்சுது. உங்க ஆசைக்கு அத வாங்கி, மாசத்துக்கு ஒருக்கா கழட்டி மாட்டுங்களேன். யாரு கேக்கப் போறா?

இந்தாங்க, லீவரு. அதோட இதையும் வெச்சுக்குங்க, காத்துக் கேஜு. 1984ல சேலத்துல வாங்குனது. பேட்டரி இல்ல, நம்பரு பதியோணும்னு இல்ல. காலையில வெய்யில் ஏறுறதுக்கு முந்தி, வண்டி ஓடாதப்ப, நாலு டயருக்கும் ஒரு குத்து. எத்தன வேணும்னு டிரைவர் கதவத் தொறந்தா தூணுல ஸ்டிக்கரு இருக்கும். டயரோட கன்னத்துல எழுதியிருக்கறது வேற கணக்கு, அதப் பாக்காதீங்க.

லீவரக் கீழ வெச்சுப்புட்டு, சித்த டிக்கியத் தொறங்க மாப்ள. பாயைத் தூக்குங்க. அடியில ஒருத்தன் ஏழு வருசமாப் படுத்திருக்கறான் பாருங்க, ஸ்டெப்னி. அவனுக்கு லைட்டும் இல்ல, சென்சாரும் இல்ல. கேஜ வெச்சு ஒரு குத்து குத்துங்க.

எத்தனைங்க? முள்ளே அசையலியா?

கேஜு ரிப்பேருன்னு சொல்லாதீங்க. காத்தால என்ற மொபெட்டுக்கு அதுலதான் பாத்தேன்.