வாசலில் நின்ற வேட்பாளர்

நெகிரி செம்பிலானின் ரந்தாவ் சட்டமன்றத் தொகுதி 2018ல் கண்ட வெற்றியைப் போலச் சிக்கனமான வெற்றி வேறெங்கும் வாய்க்காது. ஓட்டுச்சீட்டு அச்சடித்த செலவில்லை, விரலுக்கு மை இல்லை, நள்ளிரவு வரை எண்ணுகிற தொல்லையும் இல்லை. ஏப்ரல் 28, வேட்புமனு நாள். காலை பத்து மணிக்கு மனு வாங்கும் நேரம் முடிந்தது. கூடவே தேர்தலும் முடிந்தது. 2004 முதல் மந்திரி பெசாராக இருந்த முகமட் ஹசான், மக்கள் செல்லமாகச் சொல்லும் தோக் மாட், போட்டியின்றித் தேர்வானார்.

போட்டிக்கு ஆள் வரவில்லையா? வந்தார். கெஅடிலான் கட்சியின் டாக்டர் ஸ்ரீராம் சின்னசாமி மனுவோடுதான் வந்தார். ஆனால் அவரிடம் நுழைவுச்சீட்டு இல்லையாம். சீட்டு இல்லாதவர் உள்ளே போகக்கூடாதாம். வேட்பாளர் வெளியே, வேட்புமனு மையம் உள்ளே, நடுவில் ஒரு வாசல். அந்த வாசல் போட்ட ஒரே ஓட்டில் ஒரு தொகுதியின் தீர்ப்பு முடிந்தது.

மே 9ஆம் தேதி நாடே வரிசையில் நின்றபோது, ரந்தாவ் வாக்காளருக்கு ரெம்பாவ் நாடாளுமன்றத் தொகுதிக்கான சீட்டு மட்டும் கொடுத்தார்கள். சட்டமன்றச் சீட்டு? அதுதான் உங்கள் சார்பில் வாசலே போட்டுவிட்டதே ஐயா, வீட்டுக்குப் போங்கள்! அன்று மாநிலத்தில் பாரிசான் ஆட்சி கவிழ்ந்தது. 36 இடங்களில் பாக்காத்தானுக்கு 20. அந்தப் புயலிலும் ரந்தாவில் ஓர் இலைகூட அசையவில்லை. புயலுக்கும் நுழைவுச்சீட்டு இருந்திருக்காது.

நவம்பர் 16ல் தேர்தல் நீதிமன்றம் அந்த வெற்றியைச் செல்லாது என்றது. வேட்பாளர் சீட்டு காட்டித்தான் உள்ளே வரவேண்டும் என்று தேர்தல் விதிகளில் எங்குமே கிடையாதாம். இல்லாத ஒரு விதியை வாசலில் நிறுத்தி, இருபதாயிரம் பேரின் ஓட்டைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். 2019 பிப்ரவரி 18ல் கூட்டரசு நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. இதற்குள், ஓட்டே வாங்காத சட்டமன்ற உறுப்பினர் அம்னோவின் துணைத் தலைவராகவே ஆகிவிட்டார். ஜனநாயகத்துக்கு இங்கே அவ்வளவு மரியாதை.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இந்த வாசல் புதிதல்ல. துரையின் அனுமதி இல்லாமல் தோட்டத்துக்குள் வெளியாள் கால்வைக்க முடியாத காலம் இருந்தது. சொந்த அக்காள் மகன் பார்க்க வந்தாலும் கிராணியிடம் சொல்ல வேண்டும். 1941ல் ஆர்.எச். நாதன் தலைமையில் கிள்ளான் தோட்டங்களில் வேலைநிறுத்தம் நடந்தபோது, கூலி உயர்வோடு சேர்த்துக் கேட்டவற்றில் இரண்டைக் கவனியுங்கள்: துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கச் சொல்லக்கூடாது, உறவினரும் நண்பரும் தோட்டத்துக்குள் தடையின்றி வந்துபோக வேண்டும். நாதனைப் பிடித்து இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். துரை போனார், கிராணி போனார், பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. எங்கள் நீலாயில் அந்தச் செம்பனையும் போய்ப் பல்கலைக்கழகமும் மாடிவீடும் வந்தன. வாசல்காரன் மட்டும் போகவில்லை. கழுத்தில் அட்டையை மாட்டிக்கொண்டு தேர்தல் வேலைக்கு வந்துவிட்டான்.

அதே 2018ல், அதே மாநிலத்தில் இன்னொரு கூத்து. போர்ட்டிக்சன் நாடாளுமன்றத் தொகுதியில் மே மாதம் ஜெயித்தவர் டேனியல் பாலகோபால் அப்துல்லா, கடற்படையில் உயர்பதவி வகித்து ஓய்வுபெற்ற இந்திய வம்சாவளியினர். செப்டம்பரில் தாமாகவே முன்வந்து பதவி விலகினார். அன்வார் இப்ராகிம் நாடாளுமன்றத்துக்குப் போக ஓர் இருக்கை தேவைப்பட்டது. நாடு முழுக்க இத்தனை இருக்கை இருந்தும் எழுந்து இடம் கொடுக்கிற நல்ல மனசு பாலகோபாலுக்குத்தான் வாய்த்தது. அக்டோபர் 13ல் அன்வார் 23,560 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். ஆக, ஓர் இந்தியர் உள்ளே நுழைய முடியாமல் நின்றார். இன்னோர் இந்தியர் உள்ளே இருந்து எழுந்து வந்தார். எழுந்து போகிறவருக்கு மட்டும் சீட்டு கேட்கும் வழக்கம் இல்லை.

எங்கள் நீலாய்க்கே அருள்குமார் ஜம்புநாதன் சட்டமன்ற உறுப்பினராகவும் ஆட்சிக்குழுவிலும் இருக்கிறாரே என்பீர்கள். இருக்கிறார், மறுக்கவில்லை. அவர் படத்தைக் காட்டியே மற்றக் கணக்கை எல்லாம் மூடிவிடலாம் என்று நினைக்கிறவர்களைத்தான் சொல்கிறேன்.

ரந்தாவுக்கு இடைத்தேர்தல் 2019 ஏப்ரல் 13ல் வந்தது. ரந்தாவ் வாக்காளரில் ஏறக்குறைய நால்வரில் ஒருவர் இந்தியர். உடனே நாம் ‘தீர்மானிக்கும் சக்தி’ ஆகிவிட்டோம். தீர்மானிக்கும் சக்திக்கு இடைத்தேர்தலில் கிடைக்கிற உபசாரமே தனி: கோயில் கொட்டகைக்குக் கூரைத்தகடு, தமிழ்ப்பள்ளிக்கு மானிய அறிவிப்பு, வரிசைவீட்டுத் திண்ணையில் அமைச்சரோடு ஒரு படம். ஆளுங்கட்சி அப்போது பாக்காத்தான். நாடற்ற இந்தியர்களின் குடியுரிமைச் சிக்கலை நூறே நாளில் தீர்ப்போம் என்று எழுதிக் கொடுத்து ஆட்சிக்கு வந்தவர்கள். நூறு நாள் கழிந்து வெகுகாலம் ஆகியிருந்தது. சிவப்பு அடையாள அட்டைக்காரர்கள் இன்னும் காத்துக்கொண்டிருந்தார்கள். ஓட்டை எண்ணியபோது தோக் மாட்டுக்கு 10,397, டாக்டர் ஸ்ரீராமுக்கு 5,887. வித்தியாசம் 4,510.

தோக் மாட்டை இதற்காகக் குறைசொல்ல மாட்டேன். வாசல் திறந்த பிறகும் மனிதர் ஜெயித்துக் காட்டினார். அப்படி ஜெயிக்கக்கூடியவருக்காக அந்த வாசலை ஏன் அடைத்தார்கள் என்பதுதான் எரிச்சல். வாக்காளரைக் கேட்காமலே முடிக்கலாம் என்றால் கேட்டுத்தான் என்ன ஆகப்போகிறது என்ற திமிர்.

அநீதி என்று நீதிமன்றப் படியேறியவர்களின் கதை இதைவிட ருசி. 2022 நவம்பருக்குப் பிறகு பாக்காத்தானும் பாரிசானும் ஒரே வீட்டுக்குக் குடிவந்தன. ரெம்பாவில் ஜெயித்த தோக் மாட், அன்வார் அமைச்சரவையில் தற்காப்பு அமைச்சர், அடுத்த ஆண்டு வெளியுறவு அமைச்சர். 2023 ஆகஸ்ட் 12 மாநிலத் தேர்தலில் ரந்தாவ் மறுபடியும் அவருக்கே. இந்த முறை அவருக்கு ஓட்டுப் போடுங்கள் என்று கேட்ட கூட்டணியில் டாக்டர் ஸ்ரீராமின் கட்சியும் உண்டு. அண்ணன் நீலாயில் இருந்தால் பாக்காத்தானுக்குப் போட வேண்டும். தங்கை ரந்தாவில் இருந்தால் பாரிசானின் தராசுக்குப் போட வேண்டும். நாலு வருஷத்துக்கு முன் அந்தத் தராசைத் தோற்கடிப்பது இனமானக் கடமை என்று அதே மேடையில் தொண்டை கிழியக் கத்தினீர்களே, அதை யாரிடம் திருப்பிக் கொடுப்பது?

ஜெராம் பாடாங் தொகுதியையும் சொல்லிவிடுகிறேன். 2018ல் பாரிசான் மாநிலத்தில் பிடித்த 16 இடங்களில் ம.இ.கா.வுக்குக் கிடைத்தது அந்த ஒன்றுதான்; எல். மாணிக்கம் ஜெயித்தார். 2023ல் அதுவும் அம்னோவுக்குப் போனது. அந்த மனுத்தாக்கல் நாளில் ம.இ.கா. வேட்பாளரை வாசலில் யாரும் தடுக்கவில்லை, சீட்டும் கேட்கவில்லை. கட்சி ஒருவரையும் அனுப்பவே இல்லை.