பூடகமா, பட்டவர்த்தனமா?

கே: சினிமா கம்பெனியில் கதை இலாகாவில் சேர ஆசை. பூடகமாக எழுதினால் ‘புரியலை’ என்கிறார்கள், விளக்கினால் ‘சீரியல் மாதிரி இருக்கு’ என்கிறார்கள். என்ன செய்ய?
- ஒரு வாசகர், ஜமுனாமரத்தூர்

ப: மேகம் இறங்கினால் உங்கள் ஜவ்வாது மலையின் காவலூர் தொலைநோக்கிக்கே நட்சத்திரம் தெரியாது, தயாரிப்பாளரை ஏன் நோகிறீர்கள்! இயக்குநர் மகேந்திரனைப் பாருங்கள். 1974-ல் ‘தங்கப்பதக்கம்’ வசனத்தில் சிவாஜியை முழங்கவிட்டவர்தான், 1979-ல் ‘உதிரிப்பூக்கள்’ எடுத்தார். கடைசியில் ஊரே ஆற்றங்கரையில் நின்று நெருக்க, கொடுமைக்கார நாயகன் சுந்தரவடிவேலு சாவதற்காகத் தண்ணீருக்குள் இறங்குகிறான். ஏன் என்பதில் கடைசி வரிசை ரசிகருக்கும் குழப்பமில்லை. ஊர் செய்தது சரியா? அதை மட்டும் படம் சொல்லாது. சம்பவத்தைப் பளிச்சென்று எழுதுங்கள், தீர்ப்பை விழுங்கிவிடுங்கள். கம்பெனிக்கு அனுப்பும் ஒரு பக்கக் கதைச்சுருக்கத்தில் மட்டும் பூடகம் வேண்டவே வேண்டாம், ஐயா!