ஐந்து மணிக்கே இருட்டினால்

எண்ணெய்ப் பலகாரத்தைத் தொடாதே என்று டாக்டர் சொன்னால் சென்னைக்காரர் நாக்கை அடக்கினால் போதும். அந்தமான்காரன் சூரியனையும் சேர்த்து அடக்க வேண்டும். நாட்டின் கடிகாரம் 82.5 பாகைத் தீர்க்கரேகையை நம்பி ஓடுகிறது. போர்ட் பிளேர் இருப்பதோ 92.7-க்குப் பக்கத்தில். இந்தப் பத்து பாகை வித்தியாசத்தால் எங்கள் சூரியன் நாற்பது நிமிஷம் முந்திக்கொள்கிறது. டிசம்பரில் ஐந்து மணி வாக்கிலேயே பொழுது சாய்ந்துவிடும்.

இருட்டியதும் வயிறு சாப்பாட்டைத் தேடுகிறது. கடிகாரமோ ஒன்பதாகட்டும் என்கிறது. நடுவில் கிடக்கும் நாலு மணி நேரத்தை மெரினா பார்க் வண்டிக்கடைகள் குத்தகைக்கு எடுத்திருக்கின்றன. மோமோவைத் தாண்டிவிடலாம், சௌமீனையும் தாண்டிவிடலாம். எக் ரோல்தான் காலை வாரும். கல்லில் பாதி வெந்த பரோட்டாவின் தலையில் முட்டையை உடைத்து ஊற்றி, கரண்டி முதுகால் தேய்த்து, சட்டென்று திருப்பிப் போடுவார் பாருங்கள் கடைக்காரர், அந்தச் சத்தத்தில் கொலஸ்ட்ரால் ரிப்போர்ட் கடலோடு போய்விடும். மேலே வெங்காயம், பச்சை மிளகாய், சிவப்பாக ஒரு சாஸ் (தக்காளிக்கு அது தூரத்துச் சொந்தம்கூட இல்லை), தாளில் ஒரு சுருட்டு.

காய்கறி சாப்பிடு என்று சொல்வது சுலபம். கேரட்டும் பீன்ஸும் எங்கள் தாத்தா மாதிரியே சென்னையிலிருந்து கப்பல் ஏறி வந்தவை. மூன்று நாள் கடலில் ஆடிவிட்டு வாடிய முகத்தோடு இறங்கும். விலை மட்டும் வாடாது. புயல் வந்து கப்பல் நின்றால் அதுவும் இல்லை. நூடுல்ஸ் பாக்கெட்டுக்கு இந்தக் கவலை எதுவும் கிடையாது.

மன உறுதி, பிராணாயாமம் எல்லாம் பார்த்தாயிற்று. கடைசியில் என் மனைவி கடிகாரத்தில் கைவைத்தாள். "இனிமே ஆறு மணிக்குச் சோறு. ஒன்பதுக்கு வந்தீங்கன்னா பாத்திரம்தான் இருக்கும், கழுவி வைங்க."

ஆறு மணிச் சோற்றுக்கு ஜங்லிகாட் சந்தையில் வாங்கிய சூரை மீன், கொல்லையில் படர்ந்த பசலை, தொட்டியில் தானாக முளைத்த பர்மா தனியா. இது ரம்பப் பல் விளிம்போடு நீளமாக இருக்கும். நம் கொத்துமல்லி கிசுகிசுப்பதை இது மைக் வைத்துச் சொல்லும். குழம்பை இறக்கும்போது நாலு இலை கிள்ளிப் போட்டால் தெருமுனை வரை சேதி போய்விடும். எதுவும் கப்பல் ஏறவில்லை.

இப்போது ஏழு மணிக்கு வண்டியைக் கடந்து நடக்கிறேன். சத்தம் காதில் விழுகிறது, வயிற்றில்தான் இடமில்லை. கடைக்காரர் சில நாள் பார்த்துவிட்டு, கரண்டியைக் கீழே வைத்து இந்தியில் கேட்டார்: "என்ன அண்ணா, உடம்பு சரியில்லையா? மிளகாய் குறைச்சு ஒண்ணு போடட்டுமா?"