ராணி அறையும் ஒரு சின்னக் கத்தியும்

முதன்முதலாக இரண்டு தேனீப் பெட்டிகளை வாங்கி வீட்டுத் தென்னையடியில் வைத்த அன்று, நோட்டின் முதல் பக்கத்தில் 'இந்த வருஷம் 20 கிலோ' என்று எழுதினேன். வேறொன்றும் எழுதவில்லை.

எங்கள் ஊர் மார்த்தாண்டத்துக்குப் பக்கம். 1920களில் ஒய்.எம்.சி.ஏ.வின் ஸ்பென்சர் ஹாட்ச் இங்கே கிராம வேலை செய்த காலத்திலிருந்தே பெட்டியில் தேனீ வளர்க்கிறார்கள். எனக்குக் கற்றுத்தந்த மாமாவுக்கும் அது பரம்பரைத் தொழில். 1990களின் தொடக்கத்தில் தாய் சாக் புரூட் என்ற தேனீ நோய் பரவியபோது கூட்டங்களையெல்லாம் இழந்து, ஒரே ஒரு பெட்டியிலிருந்து மறுபடி தொடங்கியவர். அவர் என்னிடம் கிலோக் கணக்கு கேட்டதே இல்லை. "ஈ எத்தன சட்டத்துல இருக்கு மக்கா?" என்றுதான் கேட்பார். பெட்டிக்குள் அடை தொங்கும் மரச்சட்டத்தைச் சொல்கிறார்.

அந்த டிசம்பரில் ஒரு பெட்டியைத் திறந்தேன். அடையின் கீழ் விளிம்பில் புது ராணி வளரும் ராணி அறைகள் நிலக்கடலைபோல நாலைந்து தொங்கின. கூட்டம் பிரிந்து போய்விடும், ரப்பர் தளிர்விடும் நேரத்தில் ஈ இருக்காது, 20 கிலோவும் போச்சு என்று பதறினேன். சின்னக் கத்தியை எடுத்து ஒன்றுவிடாமல் வெட்டினேன். பழைய ராணி பல நாட்களுக்கு முன்பே கூட்டத்தில் பாதியோடு கிளம்பிவிட்டது எனக்குத் தெரியவில்லை. மிச்சமிருந்த ஈக்களுக்கு ராணியாகியிருக்கக் கூடியவற்றைத்தான் வெட்டிப் போட்டிருக்கிறேன். சில வாரங்களில் ஓர் அறைக்குள் இரண்டும் மூன்றுமாக முட்டைகள் தெரிந்தன. ராணியில்லாத கூட்டத்தில் வேலைக்கார ஈயே இடும் முட்டை அது. அதிலிருந்து ஆண் ஈ மட்டும்தான் வரும். பிப்ரவரியில் தோட்டமெங்கும் ரப்பர் இலைக்காம்புகளில் தேன் சுரந்தது. அந்தப் பெட்டியில் அதை எடுத்துவர ஆள் இல்லை. கேட்டதும் மாமா திட்டவில்லை. "வெட்டுறதுக்கு முன்ன முட்ட இருக்கான்னு பாத்தியா?" என்றார்.

இந்தக் கேள்விதான் இப்போது என் கையை நிறுத்துகிறது. முட்டை பொரிய மூன்று நாள். அறைக்கு ஒன்றாக முட்டை நின்றால், ராணி மூன்று நாளைக்குள் அங்கே இருந்திருக்கிறது. ராணியையும் கண்ணால் பார்த்துவிட்டால் அதோடு இரண்டு மூன்று சட்டங்களைப் புதுப் பெட்டிக்கு மாற்றிப் பிரித்து விடுகிறேன். முட்டையே இல்லையென்றால் ராணி அறையைத் தொடமாட்டேன். அப்படியே விட்டுவைத்துப் பெட்டியின் மூடியைப் போட்டுவிடுவேன். ராணி அறைக்கு முன்பே குறிப்பு கிடைப்பதும் உண்டு. ஆண் ஈ அறைகளின் மூடி கூம்பாக எழும்பி, நுனியில் ஊசி குத்தியதுபோல ஒரு துளை இருக்கும். அவை பெருகினால் வாரம் ஒருமுறை கட்டாயம் பார்ப்பேன். மற்ற நாட்களில் வாசலில் மகரந்தம் சுமந்து ஈ வருகிறதா என்று பார்த்தாலே போதும். முன்பு தினமும் திறந்து தொல்லை கொடுத்ததற்கு அவற்றிடம் மன்னிப்புக் கேட்கத் தோன்றும்.

இப்போதும் நோட்டில் இலக்கு எழுதுகிறேன். போன வருஷம்: 'ஆடி மழையில் ஒரு பெட்டியும் பட்டினியால் ஓடக் கூடாது.' அதற்காகப் புழு வளரும் கீழ் அறையின் தேனைத் தொடவில்லை. மழை நின்ற மாலைகளில் சர்க்கரைப் பாகு வைத்தேன். ஆறு பெட்டியும் நின்றன. இந்த வருஷத்து வரி: 'ஈக்கள் மெழுகால் மூடாத அடையிலிருந்து ஒரு சொட்டும் எடுப்பதில்லை.' முதல் வருஷம் அவசரப்பட்டுப் பிழிந்த தேன் பாட்டிலிலேயே நுரைத்துப் புளித்துப்போன நாள் இன்னும் நினைவிருக்கிறது.

நேற்று மாமா வந்தார். ஒரு பெட்டியின் பின்புறத்தை இரண்டு விரல் உயரம் தூக்கிப் பார்த்துவிட்டு மெல்ல இறக்கினார். "கனம் இருக்கு. தெறக்காத" என்றார். நானும் அன்று காலை அதைத் தூக்கிப் பார்த்துத் திறக்காமல் விட்டிருந்தேன்.