வலது கையில் வெள்ளித்தாள்

2024 பிப்ரவரியில் காமிக்ஸ் ரசிகர்களின் 'காமிக் கான்' திருவிழா முதன்முதலாகச் சென்னைக்கு வந்தபோது, மகள் என்னை நந்தம்பாக்கம் வர்த்தக மையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். டிக்கெட் எவ்வளவு என்று கேட்டேன். "அதெல்லாம் எதுக்குப்பா?" என்றாள். அந்தப் பதிலிலேயே விலை தெரிந்துவிட்டது. ஒன்றரை ரூபாய் ராணி காமிக்ஸுக்காக ஆய்க்குடியிலிருந்து தென்காசி பஸ் ஸ்டாண்டு வரை சைக்கிள் மிதித்து, பெட்டிக்கடையில் கயிற்றில் தொங்கும் புத்தகத்தைக் கடைக்காரர் அந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம் ரெண்டு ரெண்டு பக்கமாகப் படித்து, அவர் முறைத்த பிறகு மீதிக் கதைக்காக மட்டும் காசை எடுத்து நீட்டிய பரம்பரை நான்.

எங்கள் வீட்டில் காமிக்ஸ் என்பது பீடி மாதிரி. அறிவியல் புத்தகத்துக்குள் வைத்துப் படிக்க வேண்டும். அப்பா கண்ணில் பட்டால் அது வெந்நீர் அடுப்புக்குப் போகும். ஒரு மார்கழிக் காலையில் மந்திரவாதி மாண்ட்ரேக் எரிந்த சூட்டில் அவர் குளித்துவிட்டு வந்ததை நான் இன்னும் மன்னிக்கவில்லை. நந்தம்பாக்கத்தில் முதலில் என் கண்ணில் பட்டது யார் தெரியுமா? மகனுடைய ஆறடி அட்டைக் கோடரியைத் தோளில் சாய்த்துக்கொண்டு, கழிப்பறை வாசலில் பவ்யமாகக் காத்து நின்ற ஓர் அப்பா.

உள்ளே போனால் திருவிழாக் கூட்டம். வைக்கோல் தொப்பி வைத்தவன் ஒருவன், நெற்றியில் தகடு கட்டியவர்கள் நாலைந்து பேர், நீல முடிப் பெண்கள், எண்ண முடியாத ஸ்பைடர்மேன்கள். ஒவ்வொருவரையும் காட்டி "இது யாரும்மா?" என்று கேட்டுக்கொண்டே நடந்தேன். லூஃபி, நருட்டோ என்று பொறுமையாகச் சொல்லிக்கொண்டு வந்தாள், சின்ன வயதில் தென்காசிக் கோயில் தூண்களைக் காட்டி வீரபத்திரர், ரதி, மன்மதன் என்று நான் அவளுக்குச் சொன்ன மாதிரியே. தில்லியில் 2011-இல் தொடங்கியதாம் இந்தக் கூத்து. இப்படி வேஷம் கட்டுவதற்குக் 'காஸ்ப்ளே' என்று பெயர். ஆங்கிலத்தின் இரண்டு சொற்களை ஜப்பான்காரர்கள் தலையும் வாலும் நறுக்கி ஒட்டி 1980களில் செய்த சொல். நாங்கள் அதை மாறுவேடப் போட்டி என்று சொல்லிக்கொண்டிருந்தோம். எங்கள் பள்ளிக்கூட ஆண்டு விழாவில் மொத்தமே நாலு வேஷம்: பாரதியார், கட்டபொம்மன், குறத்தி, காந்தி. வருஷா வருஷம் நான்தான் காந்தி. உடம்பு வாகு ஒரு காரணம் என்றாலும், செலவு அதில்தான் கம்மி என்பதை அப்பா எனக்கு முன்பே கண்டுபிடித்திருந்தார். பரிசு, ஒரு சோப்பு டப்பா.

ஆனால் நான் மனசார ஆக விரும்பியது காந்தி அல்ல, இரும்புக்கை மாயாவி. லண்டனில் 1962-இல் 'வேலியண்ட்' இதழில் பிறந்து, 1972-இல் சிவகாசி முத்து காமிக்ஸின் முதல் இதழாகத் தமிழ் பேச ஆரம்பித்த அந்த ஆளை உங்களில் பலருக்கு நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. மின்சாரம் உடம்பில் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவார். இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் மிதக்கும். அதற்காகவே மாமாவின் சிகரெட் பெட்டிகளிலிருந்து வெள்ளித்தாளை ஒரு மாசம் சேர்த்து, சோற்றுப் பசை தடவி, வலது கையில் முழங்கை வரை சுற்றிக்கொண்டேன். விரல் மடக்கினால் கிழியும், மடக்காவிட்டால் மூக்கைச் சொறிய முடியாது. இனி மின்சாரம் ஒன்றுதான் பாக்கி. முற்றத்துப் பிளக்கை நோக்கி நான் விரலை நீட்டிக்கொண்டு போனதை ஆச்சி பார்த்துவிட்டாள்.

"ஏல, கையில என்னத்தல சுத்திருக்க?"

ஆச்சி, நான் மறையப் போறேன் என்றேன். முதுகில் விழுந்த அடியில் ஆச்சி மறையவில்லை, நானும் மறையவில்லை, வெள்ளித்தாள்தான் மறைந்தது. அன்றைக்கு மத்தியானத்திலிருந்தே தெருவில் கரன்ட் இல்லை என்பது பிறகுதான் தெரியும். நான் இன்று உயிரோடு இருந்து இதை எழுதுவதில் ஆச்சிக்கும் மின்வெட்டுக்கும் சமபங்கு உண்டு.

நந்தம்பாக்கத்துக் கூட்டத்தில் என் கண் அந்த ஒற்றைக் கையைத்தான் தேடிக்கொண்டிருந்தது. கிடைக்கவில்லை. அதற்குப் பதில் ஒரு சுவர் ஓரத்தில் ஓர் இரும்பு மனிதன் தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். தலைக்கவசம் மடியில் இருந்தது. பதினெட்டு, பத்தொன்பது வயசுப் பையன், கழுத்தெல்லாம் வேர்வை. அவனுடைய அம்மா நிகழ்ச்சி நிரல் தாளை விசிறியாக்கி வீசிக்கொண்டு, "கொஞ்சம் மோர் குடிடா கண்ணா" என்று பாட்டிலை வாயருகே கொண்டுபோனார். கவசம் முழங்கையை மடக்க விடாததால் அவன் வாயை மட்டும் திறந்தான். கிட்டப் போய்ப் பார்த்தேன். இரும்பே இல்லை, எல்லாம் ஃபோம் அட்டை. கத்தியால் வெட்டி, சூட்டுக் காற்று காட்டி வளைத்து, பசை போட்டு, மேலே பெயின்ட். "மூணு மாசம் சார்," என்றார் அந்த அம்மா. "ராத்திரி சோறுகூடத் திங்காம இதையே வெட்டிக்கிட்டு இருந்தான்."

அந்த நிமிஷம் எனக்குக் குலசேகரப்பட்டினம் ஞாபகம் வந்தது. எங்கள் தெரு அண்ணன் ஒருவர் அந்த ஊர் முத்தாரம்மன் கோயில் தசராவுக்கு மாலை போட்டு, 41 நாள் ஒருவேளைச் சாப்பாட்டோடு விரதமிருந்து காளி வேஷம் கட்டுவார். சடைமுடி, பக்கத்துக்கு நாலு மரக்கை, கழுத்தை அமுக்கும் கிரீடம். முந்தின வாரம் வரை "ஏ அண்ணே" என்று கூப்பிட்டவர்கள் எல்லாம் "தாயே" என்று காலில் விழுவார்கள். தட்டில் விழும் தர்மக்காசு முத்தாரம்மன் உண்டியலுக்குப் போகும். தெருமுனைக் கடையில் அந்தக் காளி கிரீடத்தைக் கழற்றிப் பெஞ்சில் வைத்துவிட்டுக் கடுங்காப்பி குடித்ததைப் பார்த்திருக்கிறேன். துணைக்கு வந்த தம்பி துண்டால் காளியின் பிடரியைத் துடைத்துக்கொண்டிருந்தான். குடித்து முடித்துக் கிரீடம் ஏறியதும் கடைக்காரர் எழுந்து நின்று கும்பிட்டார். காப்பிக் காசு கேட்கவில்லை.

இப்போது அந்த அண்ணனின் மகன் கட்டுகிறான். கிரீடத்தில் சீரியல் பல்பு, இடுப்பில் பேட்டரி. தர்மம் போடுகிறவர்கள் செல்ஃபி எடுத்துக்கொண்டு போடுகிறார்கள். காளியும் லேசாகக் கழுத்தைச் சாய்க்கிறாள். நந்தம்பாக்கத்தில் நாகரிகம் அதிகம். "கேட்டுட்டுத்தான் படம் எடுக்கணும்பா," என்று மகள் சொல்லியிருந்தாள். ஆகவே கேட்டேன். பையன் ஒன்றும் பேசாமல் எழுந்து, கவசத்தைத் தலையில் மாட்டி, உள்ளங்கையை என் பக்கம் நீட்டி நின்றான். மோர் குடித்த பிள்ளை போய்விட்டான். என் கை தன்னால் கும்பிடப் போய், பாதியில் திரும்பி போனைப் பிடித்தது.

திரும்பி வரும்போது மெட்ரோவில் மகளிடம் மாயாவியைப் பற்றிச் சொன்னேன். "ஆளே தெரியாம கை மட்டும் தெரியணுமா? அதைவிடச் சிக்கனமான காஸ்ப்ளே கிடையாதுப்பா" என்றாள். என் அப்பாவின் பேத்தி.

அதனால் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை நந்தம்பாக்கத்தில், வலது கையில் முழங்கை வரை வெள்ளித்தாள் சுற்றிய வழுக்கைத்தலை ஆசாமி ஒருவர் தனியாக நின்றால், கிட்டே வந்து "மாயாவிதானே?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள். படம்கூட எடுக்க வேண்டாம்.