படிக்கச் சொன்ன புண்ணியவான்கள்

நம் ஊர்த் தனியார் மருத்துவமனை நிர்வாகிகளைப் போலக் கல்வியை மதிக்கிறவர்களைப் பார்ப்பது அரிது. இருபது வருடம் வார்டில் நின்ற டிப்ளமோ நர்சைக் கூப்பிட்டு, "ஒரு டிகிரி மட்டும் முடிச்சிட்டீங்கன்னா இன்சார்ஜ் போஸ்ட் உங்களுக்குத்தான் சிஸ்டர்" என்று சொல்லும் கனிவு வேறு எந்த முதலாளிக்கு வரும்? அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான், நாற்பதைத் தாண்டிய ஒருத்தி, மகளுக்குக் கல்லூரி விண்ணப்பம் போடுகிற வருடத்தில் தனக்கும் ஒன்று போடுகிறாள்.

அவள் படிக்க வேண்டியது போஸ்ட் பேசிக் பி.எஸ்ஸி. நர்சிங். கல்லூரிக்குப் போய்ப் படித்தால் 2 ஆண்டு. வேலையில் இருந்தபடி இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் படித்தால் 3 ஆண்டு, அதற்கு நுழைவுத் தேர்வும் உண்டு. எங்கே சேர்ந்தாலும் டிப்ளமோ சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், நர்சிங் கவுன்சில் பதிவுச் சான்றிதழ் என்று அசலைக் காட்டச் சொல்வார்கள். நிர்வாகத்தின் முன்யோசனை இங்கேதான் தெரிகிறது. வேலைக்குச் சேர்ந்த அன்றே அந்த அசல்களை வாங்கித் தன் இரும்பு பீரோவில் பூட்டிவைத்த மருத்துவமனைகள் எத்தனை! வாடகை வீட்டில் கரையான் அரிக்கலாம், மழையில் நனையலாம். பெற்ற தாய்கூட இப்படிப் பாதுகாக்க மாட்டாள். கேட்டதும் தூக்கிக் கொடுத்துவிடுகிற அலட்சியமும் கிடையாது. ஹெச்.ஆர். அறை வாசலில் பல நாள் நிற்க வைத்து, திரும்ப வந்து வேலை பார்ப்பேன் என்று கையெழுத்து வாங்கி, டெபாசிட் கட்டச் சொல்லி, பிறகுதான் கொடுப்பார்கள். பொறுப்பு என்றால் அப்படி இருக்க வேண்டும்.

படிப்புக்கென்று சம்பளத்தோடு விடுப்பு கொடுத்து அவளைச் சோம்பேறியாக்கவும் அவர்களுக்கு மனம் வராது. வகுப்புக்குப் போகிற நாளெல்லாம் லாஸ் ஆஃப் பே. அதற்கு ஈடாக நைட் டூட்டியைத் தாராளமாகப் போட்டுத் தருவார்கள். பகல் முழுவதும் படிக்கலாம் அல்லவா? இந்திய நர்சிங் கவுன்சில், பொது வார்டில் 5 நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்றும், மருத்துவக் கல்லூரி மருத்துவமனையானால் 3 பேருக்கு ஒருவர் என்றும் கணக்குச் சொல்கிறது. கவுன்சிலுக்கு நர்சின் திறமை மேல் அவ்வளவுதான் நம்பிக்கை. நிர்வாகம் அப்படியில்லை, ஒரு வார்டையே அவளை நம்பி ஒப்படைக்கிறது. ராத்திரி மூன்று மணிக்குப் போய்ப் பாருங்கள். மருந்து டிராலியின் மேல் ரெக்கார்டு நோட்டை விரித்து, ஸ்கேலை வைத்துப் பென்சிலால் கேர் பிளானுக்குக் கட்டம் போட்டுக்கொண்டிருப்பாள். மூன்றாவது கோடு பாதியில் நிற்கும். எட்டாம் பெட்டில் டிரிப் முடிந்திருக்கும். மாற்றிவிட்டு வருவதற்குள் பதினோராம் பெட்டுக்காரர் வாந்தி எடுத்திருப்பார். விடிவதற்குள் அந்தக் கோடு முடிந்தால் அதிர்ஷ்டம்.

சில கல்லூரிகளின் பெருந்தன்மையையும் விட்டுவிடக் கூடாது. ஃபீஸ் ஒழுங்காக வந்துவிட்டால் மாணவி வரவேண்டும் என்றுகூட அவை வற்புறுத்துவதில்லை. வராதவளுக்கும் வருகைப் பதிவு, செய்யாத கிளினிக்கலுக்கும் கையெழுத்து. வேலைக்குப் போகிற பெண்ணின் கஷ்டம் தெரிந்த மகான்கள்! ஆனால் இவள் வந்தது அதற்காக அல்ல. நாடித் துடிப்பு 60-க்குக் கீழே இருந்தால் டிஜாக்சின் என்ற இதய மருந்தைக் கொடுக்காமல் டாக்டருக்குச் சொல்ல வேண்டும் என்பது அவளுக்கு மனப்பாடம். ஏன் என்று தெரிந்துகொள்ளத்தான் இந்த வயதில் புத்தகத்தைத் திறந்தாள். கல்லூரி அவள் கையில் ஒரு கைடைக் கொடுத்து, கேள்வி எங்கிருந்து வரும் என்று கோடு போட்டுக் காட்டிவிட்டது.

எல்லாவற்றையும் தாண்டிப் பட்டத்தோடு திரும்பி வருகிறவளை நிர்வாகம் வரவேற்கும் அழகே தனி. மே 12 நர்சுகள் தினத்தில் பாராட்டு, கேக், போட்டோ. சம்பளம் மட்டும் பழைய சம்பளம். படித்தவள், படிக்காதவள் என்ற பேதம் பார்க்காத சமநோக்கு அது. இன்சார்ஜ் போஸ்டுக்கு இதற்குள் வேறு ஆள் வந்தாயிற்று. "எம்.எஸ்ஸி.யும் முடிச்சிடுங்களேன் சிஸ்டர்" என்கிறார்கள். அது இன்னும் 2 ஆண்டு.

2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தனியார் மருத்துவமனை நர்சுகளின் சம்பளத்தை ஆராயக் குழு அமைக்கச் சொன்னது. 200 படுக்கைக்கு மேல் இருந்தால் மாநில அரசு நர்சுக்குச் சமமான சம்பளம், 50 படுக்கைக்குக் கீழே என்றாலும் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று குழு பரிந்துரைத்தது. பரிந்துரை வேறு, கட்டளை வேறு என்ற சட்ட நுணுக்கத்தை நம் நிர்வாகிகள் அளவுக்குக் கரைத்துக் குடித்தவர்கள் கிடையாது.

படிக்கப் போகிற சிஸ்டர்களுக்கு ஒரு வார்த்தை. சேர்வதற்கு முன் கல்லூரிக்குக் கவுன்சில் அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். படிப்பை முடித்தால் என்ன பதவி, எவ்வளவு சம்பள உயர்வு என்று நிர்வாகத்திடம் கேளுங்கள். உங்களிடம் அவர்கள் கையெழுத்து வாங்குகிறார்கள். நீங்களும் அவர்களிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.