திருமனைக்கு ஒரு மெய்க்கீர்த்தி

சென்னைக்கு மிக அருகில், அதாவது மதுராந்தகம் தாண்டித் திண்டிவனத்தை நோக்கி எழுந்தருளியிருக்கும் அரைக் கிரவுண்டுத் திருமனைப் பெருமாட்டியே, வாழ்க! தேவரீரின் கீர்த்தியை ஆயிரம் நாவுடைய ஆதிசேடனாலும் பாடி முடிக்க இயலாது. நம் நட்சத்திரப் பெருமக்களோ தொலைக்காட்சியில் அரை நிமிடத்தில் முடித்துவிடுகிறார்கள். அவர்கள் அங்கே ஒரு மனையேனும் வாங்கினார்களா என்று கேட்பது பக்தருக்கு அழகன்று.

தேவரீரை நாடி வருவோருக்குத்தான் எத்தனை உபசாரம்! ஞாயிறு காலை வேன், மதியம் பிரியாணி, அன்றே முன்பணம் கட்டும் மகானுபாவருக்குத் தங்கக் காசு. சீமைக்கருவேலங்காட்டின் நடுவே வண்ணக் கொடிகள் பறக்க, வெள்ளை பூசிய எல்லைக்கற்கள் அணிவகுக்க, “இங்கதான் சார் நூறடி ரோடு வருது” என்று முகவர் பிரான் வெற்றுவெளியைச் சுட்டும் திருக்கோலம் கண்கொள்ளாக் காட்சி. 2022இல் பரந்தூரில் விமான நிலையம் என்று அறிவித்தார்கள். விமானம் பறக்கும் முன்பே விலை பறந்துவிட்டது. என்னே தேவரீரின் தீர்க்கதரிசனம்!

அரசுக் கருவூலமும் தேவரீரால் அன்றோ தழைக்கிறது! பத்திரத்தில் 20 லட்சம் என்று எழுதினால், முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமுமாக 9 விழுக்காடு, 1,80,000 ரூபாய், முதல் நாளே காணிக்கை. தரகர் கமிஷனும் பட்டா மாறுதலுக்கான ‘கவனிப்பும்’ தனி நைவேத்தியம். அதே 20 லட்சத்தை நிஃப்டி இண்டெக்ஸ் ஃபண்டில் போடும் கருமியோ 0.005 விழுக்காடு, வெறும் 100 ரூபாய் முத்திரைத் தீர்வையோடு தப்பிவிடுகிறான். நாலு பேருக்குப் பிழைப்புத் தராததும் ஒரு முதலீடா?

அந்த ஃபண்டின் நாணமின்மையை என்னென்பது! நாட்டின் 50 பெரிய கம்பெனிகளில் சிறுபங்கு வாங்கிக் கொடுத்துவிட்டு, தன் விலையை நாள்தோறும் ஊரறியச் சொல்கிறது. 2008இல் நிஃப்டி பாதிக்குமேல் விழுந்ததையும் ஒளிக்கவில்லை. 1995 நவம்பரில் 1,000 என்று வைத்த குறியீடு 2023 செப்டம்பரில் 20,000ஐத் தொட்டதையும் ஒளிக்கவில்லை. தேவரீரோ அந்தப்புரத்து அரசி. மெய்யான விலை எவர் கண்ணிலும் பட்டதில்லை. பக்கத்து மனை முப்பதுக்குப் போனதாம் என்று டீக்கடையில் ஒருவர் சொன்னால் அதுவே அன்றைய சந்தை நிலவரம். விலையே தெரியாத பொருளுக்கு வீழ்ச்சி ஏது?

2016 செப்டம்பரில், அங்கீகாரமற்ற மனைகளைப் பதியக் கூடாதென்று சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தபோதுதான் தேவரீரின் உள்ளன்பு வெளிப்பட்டது. மகள் கல்யாணத்துக்கென்று விற்க வந்தவரைப் பிரிய மறுத்தீர்கள். மறு ஆண்டு தடை தளர்ந்து, வரன்முறைக் கட்டணம் என்றொரு புதுக் காணிக்கையும் பிறந்த பின்னரே மனமிரங்கினீர்கள். ஃபண்டுக்கு ஏது இந்தப் பாசம்? கேட்ட இரண்டு மூன்று வேலை நாளில் பணத்தை வங்கியில் போட்டுவிட்டு ஒட்டுறவில்லாமல் போய்விடும்.

நிலம் எங்கேயும் ஓடிப்போகாது என்பார்கள் பெரியோர். சத்திய வாக்கு. உரிமையாளரின் பெயர்தான் அவ்வப்போது ஓடுகிறது. நாம் வெளியூரில் இருக்கையில் போலிப் பத்திரத்தோடு ஒருவர் வந்து தேவரீரைச் சொந்தமாக்கிக்கொள்கிறார். ஐப்பசி மழையில் பழைய ஏரி வந்து பாத்தியதை கொண்டாடுகிறது. இத்தனை பேரால் ஏகமனதாக விரும்பப்படும் செல்வம் வேறுண்டோ?

குடும்ப ஒற்றுமைக்குத் தேவரீர் ஆற்றும் தொண்டோ எல்லாவற்றிலும் தலையாயது. ஃபண்டு யூனிட்டுகளை மூன்று பிள்ளைகளுக்கும் தசமப் புள்ளி பிசகாமல் பிரித்துவிடலாம். பிரித்த பிறகு அவர்கள் சந்திக்கக் காரணமே இராது. 1,200 சதுர அடியை அப்படிப் பிரிக்க முடியுமா? ஆகவே அண்ணனும் தம்பியும் தங்கையும் வாய்தா தவறாமல் நீதிமன்ற வாசலில் கூடுகிறார்கள்; ஒருவரை ஒருவர் கண்ணாரக் காண்கிறார்கள். மூத்தவர் காலமானால் அவர் பிள்ளைகள் வாரிசுகளாக வழக்கில் சேர்க்கப்படுவார்கள். அடுத்த தலைமுறைக்கும் இந்த உறவு உறுதி. இதையெல்லாம் சாதிக்க, பாவம், ஓர் இண்டெக்ஸ் ஃபண்டால் ஆகுமா?